டிக்கியில் ஒரு சின்னப் பை

பங்குனி உத்திரம் வந்தால் சாஸ்தா கோயிலுக்குப் போவது அந்தக் குடும்பத்தின் வழக்கம். கோயில் இருப்பது தூத்துக்குடி மாவட்டத் தேரிக்காட்டில். எங்கே பார்த்தாலும் சிவப்பு மணல், பனை, முந்திரி. கடைசி ஒரு கிலோமீட்டர் மணல் பாதைதான்.

அந்த வருடம் பாதி வழியில் கார் புதைந்துவிட்டது. மகன் ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க, முன்சக்கரம் குழி பறித்துக்கொண்டு இறங்கியதே தவிர வண்டி நகரவில்லை. உச்சி வெயில். கூடவே 78 வயதுப் பாட்டி.

வழியில் வந்த டிராக்டர்காரர் உதவிக்கு வந்தார். காருக்கு அடியில் கைக்குக் கிடைத்த கம்பியில் பழைய நைலான் கயிற்றைக் கட்டி, வெடுக்கென்று இழுத்தார். கயிறு அறுந்து, சாட்டை மாதிரித் திரும்பி வந்து பானெட்டில் அறைந்தது. ஒரு நிமிடம் முன்பு பாட்டி அங்கேதான் கையூன்றி நின்றிருந்தார்.

யாருக்கும் பேச்சே வரவில்லை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர்தான் அருகில் வந்தார். “தம்பி, டயர்ல காத்த இறக்குங்க. மண்ண வாரிவிட்டு மெல்ல எடுங்க” என்றார். அப்படியே செய்தார்கள். சக்கரத்துக்கு முன்னால் பனை மட்டைகளையும் போட்டார்கள். வண்டி மெதுவாக மேலேறியது. ஆனால் திரும்பும்போது, பஞ்சர் கடை கண்ணில் படும்வரை தார்ச்சாலையில் ஊர்ந்துதான் வர வேண்டியிருந்தது.

வீடு திரும்பியதும் மகன் ஆன்லைனில் பட்டியல் போட்டார். வின்ச், இரும்புக் கொக்கி வைத்த கயிறு, கனத்த சங்கிலி. அப்பா சிரித்தார். “நம்ம கார் ஜீப் இல்லப்பா. இதெல்லாம் வெச்சா பெட்டிய எங்க வைக்கிறது? அன்னைக்கு நம்மளக் காப்பாத்துனது எதுவோ, அத வாங்கு.”

அப்படி முதலில் வந்தது, காரின் 12 வோல்ட் சாக்கெட்டில் செருகும் சின்னக் காற்று பம்ப். ஒயர் பின்சக்கரம் வரை எட்டுகிறதா என்று பார்த்தே வாங்கினார்கள். 33 பி.எஸ்.ஐ. இருக்கும் காற்றை மணலில் 20க்கு இறக்கினால் டயர் அகலமாகப் பரவி, புதையாமல் ஓடும். தார்ச்சாலை ஏறியதும் மறுபடி நிரப்பிவிட வேண்டும். காற்றுக் குறைந்த டயரோடு வேகமாகப் போனால் டயர் சூடாகி வெடிக்கலாம்.

அடுத்து, மடக்கு மண்வெட்டி, சக்கரத்துக்கு அடியில் வைக்க இரண்டு குட்டைப் பிடிமானப் பலகைகள், கையுறை.

கடைசியாகத்தான் கயிறு. இரும்புக் கொக்கி இல்லாத பட்டைக் கயிறு. ஆட்களோடு காரின் எடை ஒன்றரை டன் என்றால், நாலரை டன்னாவது தாங்கக்கூடியது. காரோடு வந்த இழுவைக் கொக்கி, ஸ்டெப்னிக்குப் பக்கத்திலேயே இத்தனை நாளும் கிடந்திருக்கிறது! பம்பரில் உள்ள சின்ன மூடியைக் கழற்றி, அதைத் திருகி மாட்டி வீட்டு வாசலிலேயே பழகிக்கொண்டார் மகன். அந்தக் கொக்கி நிதானமாக இழுக்கத்தான். வெடுக்கென்று இழுத்தால் தாங்காது. இழுக்கும்போது கயிற்றின் மேல் பழைய ஜமக்காளம் ஒன்றைப் போட வேண்டும், ஆட்கள் தள்ளி நிற்க வேண்டும் என்பது அப்பாவின் கண்டிப்பு.

எல்லாம் ஒரே பைக்குள் அடங்கிவிட்டன. மறுவருடம் மணல் தொடங்கும் இடத்திலேயே காற்றை இறக்கினார்கள். கார் நேரே கோயில் வாசலில் போய் நின்றது. பாட்டி காருக்குத் திருநீறு பூசியபோது, அந்தப் பைக்கும் ஒரு கீற்று இழுத்துவிட்டார்.

கயிற்றுக்கு இன்னும் வேலை வரவில்லை. வராமலே இருக்கட்டும் என்பதுதான் பாட்டியின் வேண்டுதல்.