'அசெஸ்' என்றால் மார்க் போடுவதா?



அணுபுரத்தில் என்னிடம் படித்து, இன்று ஆசிரியையாக இருக்கும் மாணவி ஒருத்தி கேட்டாள்: "'அசெஸ்' என்றால் மார்க் போடுவதுதானே சார்?"

அதன் வேர் லத்தீன். 'அத்' என்றால் அருகில்; 'செதேரே' என்றால் உட்காருதல். நீதிபதியின் பக்கத்தில் அமர்ந்து ஆலோசனை சொன்னவரே 'அசெசர்'. வெள்ளைக்காரர் காலத்தில் நம் செஷன்ஸ் கோர்ட்டுகளிலும் அசெசர்கள் உண்டு. கருத்து அவர்களுடையது, தீர்ப்பு நீதிபதியுடையது. ஆங்கிலத்தில் இந்த வினைச்சொல் முதலில் வரி விதிப்பதையே குறித்தது. வீட்டுவரி ரசீதில் 'அசெஸ்மென்ட் எண்' பார்த்திருப்பீர்களே! பள்ளிக்கூடத்துக்கு அது பிந்தி வந்தது.

அவளுக்கு நான் சொன்னது: தாளில் 28 என்று எழுதுவது வரி போடுவது மாதிரி. பிள்ளை பக்கத்தில் பத்து நிமிஷம் உட்கார்ந்தால்தான் எந்தப் படியில் தடுமாறினான் என்று தெரியும்.

பெற்றோர்களே, அடுத்த முறை ராங்க் கார்டில் கையெழுத்துப் போடுமுன் நீங்களும் கொஞ்சம் பக்கத்தில் உட்காருங்கள்.