வேண்டாத மழை

கோலாலம்பூருக்குப் போய் வந்தவர்கள் இரட்டைக் கோபுரத்தைப் பற்றி எழுதாமல் விடுவதில்லை. நானும் பார்த்தேன். 452 மீட்டர் உயரம், 88 மாடி. கழுத்து வலிக்கிற வரையில் அண்ணாந்து பார்த்துவிட்டு, பத்துமலைக்கும் போய் 272 படிகள் ஏறி முருகனைக் கும்பிட்டுவிட்டு வந்தேன். எல்லாம் அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் அந்த நகரத்தில் என்னைப் பிடித்து உலுக்கிய சமாசாரம் கோபுரமும் அல்ல, குகையும் அல்ல, மழை. கடல் கடந்து ஒரு பெரிய பட்டணத்தைப் பார்க்கப் போனவன் மழையைப் பற்றி எழுதுகிறானே என்று வாசகர்கள் சிரிக்கக்கூடும். கோவில்பட்டிப் பக்கத்து வாசகர்கள் சிரிக்கமாட்டார்கள்.

முதல் நாள் பிற்பகல், மூன்று மணி இருக்கும். தமிழர்கள் மிகுந்த ப்ரிக்பீல்ட்ஸ் தெருவில் நின்றுகொண்டிருந்தேன். சுள்ளென்று வெயில். திடீரென்று இருட்டிக்கொண்டு வந்தது. ஒரே ஒரு இடி. பிறகு வானமே கிழிந்துவிட்டதுபோலக் கொட்டத் தொடங்கிவிட்டது. எங்கள் ஊரில் மேற்கே ஒரு மின்னல் வெட்டினால் போதும், தெருவே வாசலுக்கு வந்துவிடும். ‘சங்கரன்கோவில் பக்கம் பெய்யுது’ என்பார் ஒருவர். ‘இல்லை, கழுகுமலையோட நின்னுட்டுது’ என்பார் இன்னொருவர். அரை மணி நேரம் இந்த விவகாரம் நடக்கும். பல நாட்களில் விவகாரம் மட்டுமே மிச்சம். இங்கே, ஒரு ஆள்கூட ஆகாயத்தைப் பார்க்கவில்லை! பூக்கடை அம்மாள் ஒரு கையால் படுதாவை இழுத்துவிட்டு, மறு கையால் தொடுத்த சரத்தைக் கீழே வைக்காமலே கட்டிக்கொண்டிருந்தாள். குடைகள் தாமாகவே விரிந்தன. நான் ஒருவன்தான் வாயைப் பிளந்துகொண்டு மேலே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த நகரமே மழைக்குப் பயந்து கட்டியதுதான். பழைய கடைத்தெருக்களில் ஒவ்வொரு கடைக்கு முன்னாலும் ஐந்தடி அகலத்துக்கு மேல்மூடியோடு ஒரு நடைவழி உண்டு. வீதியின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரையில் நனையாமல் போகலாம். 1881-ல் தீயும் வெள்ளமும் ஒரே வருஷத்தில் வந்து மரவீடுகளைத் தொலைத்துவிட்ட பிறகு, செங்கல்லில் ஊரைத் திரும்பக் கட்டினார்கள். அதற்குச் சூளை போட்ட இடம்தான் ப்ரிக்பீல்ட்ஸ். ஊரின் பெயருக்கே சேறும் சகதியுமான ஆற்றுக் கூடல் என்றுதான் பொருள். கிளாங் ஆறும் கோம்பாக் ஆறும் சேருகிற முனையில், ஜாமெக் பள்ளிவாசலின் பின்னால் நின்று பார்த்தேன். தண்ணீர் டீயின் நிறத்தில் சுழித்துக்கொண்டு போயிற்று. தலைநகரத்துக்குச் சேறு என்று பேர் வைத்துக்கொண்டு அதைப் பற்றிக் கூச்சப்படாத ஜனங்களை எனக்குப் பிடித்துவிட்டது.

ஆனால் 2007-ல் திறந்த அந்தச் சுரங்கத்தை மட்டும் மனம் ஒப்பவில்லை. பூமிக்கு அடியில் 9.7 கிலோமீட்டர் நீளம். சாதாரண நாட்களில் அதன் ஒரு பகுதியில் கார்கள் ஓடுகின்றன. பெருமழை வந்தால் கார்களை வெளியேற்றிவிட்டு, கதவைத் திறந்து வெள்ளத்தை உள்ளே விட்டுவிடுகிறார்கள். தண்ணீர் ஊருக்குள் தங்காமல் தொலைந்து போக வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். கெட்டிக்காரத்தனமான வேலை என்பதில் சந்தேகமில்லை. ஆனாலும் சீவலப்பேரியிலிருந்து தாமிரபரணித் தண்ணீர் குழாயில் வந்து சேருகிற நாளைக் குறித்துவைத்துக்கொண்டு குடத்தோடு காத்திருக்கிற ஊரிலிருந்து போனவனுக்கு, அதைக் கேட்டதும் வயிற்றை என்னவோ செய்தது.

கோலாலம்பூரில் வருஷத்துக்கு 2,400 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. எங்களுக்கு 700-ஐ ஒட்டித்தான். அதிலும் பெரும்பங்கு ஐப்பசி கார்த்திகையில் வந்தால் உண்டு. கோவில்பட்டியில் 1901 முதல் ஒரு வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மானாவாரிக்காரனின் தலையெழுத்தைப் படிக்க நூறு வருஷத்துக்கு மேலாக முயன்று வருகிறார்கள். சம்சாரியோ வழக்கம்போலப் புழுதியில் விதையைப் போட்டுவிட்டு மேற்கே பார்த்துக்கொண்டிருக்கிறான். நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் ஊரிலும் மழையைக் கண்டு முகம் சுளிப்பவர்கள் உண்டு. தீக்குச்சி காய வேண்டாமா? வானம் பொய்த்த பூமி என்பதால்தானே தீப்பெட்டித் தொழில் இங்கே வந்து வேர் பிடித்தது! மழை வந்தால் வயல்காரனுக்குச் சிரிப்பு, தீப்பெட்டி ஆபீஸ் கூலிக்காரிக்குக் கவலை. ஒரே வீட்டில் இரண்டும் உண்டு.

இதையெல்லாம் ஒரு வாடகைக் காரில் போகும்போது அந்த ஓட்டுநரிடம் சொல்லிக்கொண்டு வந்தேன். ஐம்பது வயதிருக்கும். என்னை “அண்ணே” என்றுதான் கூப்பிட்டார்.

“எங்க தாத்தாவுக்கும் அந்தப் பக்கம்தாண்ணே. கரிசல்னு ஒரு ஊரு. உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டார்.

அது ஊரின் பெயர் அல்ல, மண்ணின் பெயர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “தெரியும்” என்றேன். பொய்யில்லை.

தாத்தா பஞ்சத்தில் புறப்பட்டு நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி வந்தவராம். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிற வேலை. விடியற்காலையில் மழை பெய்தால் பட்டை நனைந்துவிடும். பாலோடு தண்ணீர் கலந்துவிடும். அன்றைக்கு வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் கூலியும் இல்லை. மழைச் சத்தம் கேட்டதும் லயம் முழுவதும் வாய்க்கு வந்தபடி வையும். தாத்தா மட்டும் வாசல்படியில் உட்கார்ந்து, கால் இரண்டையும் மழையில் நீட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டிருப்பாராம். “பாட்டி திட்டும்ணே, இன்னைக்கு அடுப்புல எதை வைக்கிறது, இந்த மனுஷன் இளிக்கிறாரேன்னு. அவரு காதுலயே வாங்க மாட்டாரு. சாகிற வரைக்கும் அப்படித்தான். எங்களுக்கெல்லாம் அவருக்குப் புத்தி கொஞ்சம் சரியில்லைன்னு நினைப்பு.”

நான் ஒன்றும் சொல்லவில்லை. கார்க் கண்ணாடியில் துடைப்பான் இப்படியும் அப்படியும் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச தூரம் போன பிறகு அவரே, “இப்பவும் அங்க அப்படித்தானாண்ணே? மழை இல்லையா?” என்று கேட்டார்.

இடைசெவல்காரரான கு. அழகிரிசாமி 1950-களில் இந்த நகரத்தில்தான் ‘தமிழ் நேசன்’ பத்திரிகையில் ஆசிரியராக இருந்தார். 1924-ல் தொடங்கிய அந்தப் பத்திரிகை 2019-ல் நின்றுபோயிற்று. அவரும் ஏதாவதொரு கடை முகப்பில் ஒதுங்கி நின்று இந்த மழையைப் பார்த்திருப்பார். நம்முடைய ‘கடை’ மலாய் மொழியில் ‘கெடாய்’ ஆகி எல்லாப் பலகையிலும் இருப்பதைப் பார்த்துச் சிரித்தும் இருப்பார். மழையைப் பார்த்துச் சிரித்தாரா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

அன்றிரவு ஊருக்குப் போன் பண்ணினேன். எனக்கு மணி பத்தரை, அங்கே எட்டு. சாப்பாடு கிடைக்கிறதா என்று விசாரித்த கையோடு அம்மா கேட்டாள்:

“அங்கன மழை உண்டுமா?”

“தினசரி பெய்யுது. மத்தியானமானா வந்துருது.”

“தினசரியா?” கொஞ்ச நேரம் பேச்சில்லை. “அம்புட்டுத் தண்ணியும் எங்கடா போகுது?”

“கடலுக்குத்தான்.”

“பாவிக, ஒரு கம்மா வெட்டியிருக்கப்படாதா?” என்றாள் அம்மா.