சேறும் சேர்ந்த பூங்கா

செட்டிபாளையத்துப் பிள்ளைக்குத் தண்ணீர் புதிதல்ல. கிழக்கே சைக்கிளை மிதித்தால் கடல், மேற்கே மிதித்தால் வாவி. இரண்டுக்கும் நடுவே மட்டக்களப்பு–கல்முனை வீதி ஓடுகிறது. குருக்கள்மடம், செட்டிபாளையம், தேற்றாத்தீவு, களுதாவளை என்று வாவிக்குக் கிழக்கே கிடக்கும் எழுவான்கரை ஊர்கள் எல்லாம் இந்த வீதியைப் பிடித்துக்கொண்டுதான் கிடக்கின்றன. இவ்வளவு தண்ணீர் இருந்தும், கைக்குழந்தையும் முழங்கால் வலிக்காரியான அம்மம்மாவும் உள்ள ஒரு குடும்பம் பின்னேரத்தில் இரண்டு மணித்தியாலம் காற்று வாங்க எங்கே போவது என்றால் யோசிக்கத்தான் வேண்டியிருக்கிறது.

கடற்கரை அழகுதான். ஆனால் எங்கள் பக்கத்துக் கடலை நம்பிச் சிறு பிள்ளையை இறக்க முடியாது. சித்திரையிலிருந்து சில மாதங்கள் குளம்போல் கிடக்கும் கடல், வாடைக்காற்று தொடங்கியதும் வேறு முகம் காட்டும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு எங்கள் வீட்டு மூத்தவர்கள் யாரும் கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்ததை நான் பார்த்ததில்லை. கச்சான் கொறித்தாலும் கண் அலையிலேயே இருக்கும். வாவிக்கரையில் அந்தப் பயம் இல்லை. அங்கே உட்கார இடமும் நிழலும்தான் இல்லை.

அதனால்தான் பிள்ளைகளுக்கு விடுமுறை வந்தால் நாங்கள் பாலமீன்மடுவுக்குப் பஸ் ஏறுகிறோம். மட்டக்களப்பு நகரத்திலிருந்து பார் வீதியால் போனால் முகத்துவாரத்துக்கு அருகே வெளிச்சவீடு நிற்கிறது. 1913இல் கட்டிய கோபுரம், 28 மீற்றர் உயரம். அதன் கீழே நிழல் இருக்கிறது, பிள்ளைகள் ஓடி விளையாட வெளி இருக்கிறது, வாவியில் சுற்றிவரத் தோணி இருக்கிறது. கொஞ்சம் நடந்தால் கடல் மணலும் கிடைக்கும். கடலும் வாவியும் கண்டல் காடும் இப்படி ஒரே பின்னேரத்துக்குள் அடங்கும் இடம் மாவட்டத்தில் வேறு உண்டா தெரியாது. நான் கண்ட வரையில் குடும்பத்தோடு போக இதைவிட நல்ல இடம் இல்லை.

பிள்ளைகளுக்கு வெளிச்சவீட்டில் உள்ள ஆசை அண்ணாந்து பார்த்து முடிந்ததும் தீர்ந்துவிடும். தோணி கண்டலுக்குள் நுழைந்ததும்தான் வாய் ஓயும், கண் திறக்கும். வெளியே கச்சான் காற்று முகத்தில் அனல் வீசிக்கொண்டிருந்தாலும் உள்ளே குளிர்ச்சி. இரு பக்கமும் வேர்கள் வளைந்து வளைந்து தண்ணீரில் கால் ஊன்றி நிற்கும். கிண்ணை மரத்தடியில் வேர்கள் சேற்றிலிருந்து மேலே குத்திட்டு நிற்கும். அந்தச் சேற்றுக்குள் காற்று இல்லை. வேர் மூச்சு விடுவதற்காகத்தான் மேலே வருகிறது என்று தோணிக்காரர் சொன்னபோது மகள் தன் மூக்கைப் பொத்திப் பார்த்தாள். அவள் கை தண்ணீர்ப் பக்கம் நீண்டதும், “கைய உள்ள எடு மனே, இதுக்குள்ள முதலையும் இருக்கு” என்றார். அதற்குப் பிறகு அவள் இரண்டு கையையும் மடியிலிருந்து எடுக்கவேயில்லை.

ஒரு கிளையிலிருந்து முருங்கைக்காய்போல் நீளமாக ஏதோ தொங்கியது. தோணியைக் கிட்டக் கொண்டுபோய்த் தொட்டுப் பார்க்கச் சொன்னார். அது காய் இல்லை, கன்று. கண்டலின் விதை தாய்மரத்திலேயே முளைத்து, நீண்டு, கனத்து, பிறகுதான் விழுகிறது. சேற்றில் நட்டுக்குத்தாக விழுந்தால் அங்கேயே வேர்விடும். வெள்ளத்தில் விழுந்தால் மிதந்து போய் வேறு கரையில் ஒதுங்கி வளரும். என் மகன் அதன் நுனியை விரலால் தடவித் தடவிப் பார்த்தான். கீழ்ப்பக்கம் பச்சை, முனை கூர், மேலே தொப்பிபோல் ஒரு மூடி. பாடப்புத்தகத்தில் இந்தப் படத்தைப் பார்த்திருக்கிறான். கையில் பட்டது அன்றுதான்.

எங்கள் வாவியின் இறாலுக்கும் இந்த வேர்கள்தான் தொட்டில். இறால் முட்டையிடுவது கடலில். குஞ்சுகள் முகத்துவாரத்தால் உள்ளே வந்து, பெரிய மீன் புகமுடியாத வேர் இடுக்குகளில் வளர்ந்து, பருவமானதும் கடலுக்குத் திரும்புகின்றன. கோடையில் மணல் மேடிட்டு முகத்துவாரம் அடைபடும். மாரி வெள்ளம் ஏறும்போது தானாக உடையும், அல்லது வெட்டிவிடுவார்கள். எப்போது வெட்டுவது என்பதில் வாவிக்கு மேற்கே படுவான்கரை வயல்காரரின் கவலை ஒன்று, வலை வீசுபவரின் கவலை வேறொன்று. 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இந்த வாவியின் உப்பும் மீனும் வயல் வெள்ளமும் இப்படி ஒன்றோடொன்று பிணைந்திருக்கின்றன. பாலமீன்மடுவில் நின்றால் எதிரே நாவலடி தெரியும். சுனாமி வாரிக்கொண்டுபோன கரை அது. அங்கே இருந்த வீடுகளைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் வேண்டும். நான் ஒவ்வொரு முறையும் கொஞ்சம்தான் சொல்கிறேன்.

எங்கள் ஊர் வாவிக்கரையிலும் ஒரு பூங்கா வந்தால் நல்லதுதான். ஆனால் பூங்கா என்றதும் நம்மவர் மனதில் முதலில் வருவது கல் அணை, சீமெந்துத் தரை, வரிசையாகப் பூச்செடி, வர்ணம் பூசிய யானை. அதற்காகக் கரையைத் தூர்ப்பார்கள். சேறு போகும், சேற்றோடு நண்டும் கொக்கும் போகும். இதற்குத்தான் நான் பயப்படுகிறேன். 2015இல் கண்டல் காடுகள் முழுவதையும் பாதுகாப்போம் என்று உலகிலேயே முதலில் அறிவித்த நாடு நம் இலங்கை. 2024இல் நம் கண்டல் மீளாக்கப் பணியை ஐக்கிய நாடுகள் சபை உலக முன்னோடித் திட்டங்களில் ஒன்றாகத் தெரிவு செய்தது. கையகல நிலமும் பொன்னாக விற்கும் சிங்கப்பூரில்கூடச் சுங்கை புலோ என்ற சதுப்பை அப்படியே விட்டு, சேற்றுக்கு மேலே மரப்பலகை நடைபாதை போட்டிருக்கிறார்கள். தொலைதூரத்திலிருந்து வரும் பறவையைப் பார்க்கப் பள்ளிப் பிள்ளைகள் அங்கே வரிசையில் நடக்கிறார்கள். வட நாடுகளின் குளிருக்குத் தப்பிப் பறவைகள் நம் வாவிக்கும்தான் வருகின்றன. அவற்றைப் பார்க்க நமக்கு ஒரு நடைபாதை போதாதா?

செட்டிபாளையத்து வாவிக்கரையில் அப்படி ஒன்று வேண்டும் என்பதே என் ஆசை. கரையை ஒட்டி இருக்கிற மரங்களின் நிழல் போதும். தண்ணீருக்கு மேலே சிறிது தூரம் பலகைப் பாதை, கைக்குழந்தையோடு வரும் தாய்க்கும் வயதானவர்களுக்கும் ஒரு சுத்தமான மலசலகூடம், போத்தலும் பொலித்தீனும் போட மூடியுள்ள தொட்டி, அதை ஒழுங்காக வெறுமையாக்க ஓர் ஆள். தோணிக்காரர் இருவர் மூவருக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் நல்ல உழைப்பும் கிடைக்கும். சூரியன் படுவான்கரைப் பக்கம் இறங்கும் நேரத்தில் கடற்கரையில் வெயில் மறைந்துவிடும். வாவிக்கரையில் அப்போதுதான் பிள்ளைகளின் கும்மாளம் தொடங்கும்.

இதை வீட்டில் சொன்னபோது எங்கள் அம்மம்மா முழங்காலைத் தடவிக்கொண்டே கேட்டார்: “முதுகு சாயுறதுக்கு ஒரு வாங்கு போடுவாங்களா மனே? வாங்கு இருந்தா நானும் வாறன். புள்ளைகள் சேத்துல விளையாடட்டும், வீட்ட வந்து கால் கழுவலாம்.” கிராம அபிவிருத்திச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் பலகைப் பாதையோடு அந்த வாங்கையும் சேர்த்தே கேட்கப்போகிறேன்.