வோட்டர் ஐ.டி-யில் இருந்த அப்பா

கரும்பு டிராக்டர் பின்னாடி 'அன்னை துணை', ஆட்டோ கண்ணாடியில தலைவர் படம், பைக் டேங்க்ல லவ்வர் பேரோட முதல் எழுத்து... இதையெல்லாம் எப்படி வெட்டுறாங்கன்னு யோசிச்சிருக்கீங்களா?

லீவு விட்டால் கள்ளக்குறிச்சியில் ஒரு ஸ்டிக்கர் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவதுதான் என் பாக்கெட் மணிக்கான வழி. ஸ்டிக்கர் வெட்டும் மெஷினில் இங்க் கிடையாது. குட்டியாக ஒரு கத்தி மட்டும். போட்டோ என்பது கட்டம் கட்டமான புள்ளிகள். கத்திக்குப் புள்ளி புரியாது, கோடுதான் புரியும். வாசலில் அம்மா வைக்கிற புள்ளி பிக்ஸல் என்றால், இழுக்கிற இழைதான் வெக்டர்! புள்ளியைப் பெரிதாக்கினால் படிக்கட்டு மாதிரி பல் இளிக்கும். வளைவு அப்படி இல்லை, அது கணக்கு. பிரான்ஸில் ரெனோ கம்பெனி இன்ஜினீயர் பியர் பெசியர் 1960-களில் கார் பாடி வரைய இதைத்தான் கையில் எடுத்தார். செமஸ்டருக்காக மனப்பாடம் பண்ணிய அதே பெசியர், எங்க ஊர் ஸ்டிக்கர் கடையில் கோரல் டிராவுக்குள் உட்கார்ந்திருக்கிறார்.

'ஒரே க்ளிக்கில் ட்ரேஸ் ஆகுமே'ன்னு கேட்பீங்க. லோகோவுக்கு ஓ.கே. தமிழ் எழுத்துக்கே தடுமாறும். சின்னப் புள்ளியை எல்லாம் தூசி என்று நினைத்துத் துடைத்துவிடும். 'தம்பி துணை' என்பது 'தமபி துணை' ஆகி ரோட்டில் ஓடும்!

முகம் என்றால் இன்னும் கஷ்டம்.

எங்க ஊர் பேரைச் சொன்னாலே காலேஜில் 'சாராயம் குடிச்சு செத்தாங்களே, அந்த ஊரா?' என்பார்கள். 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயத்தால் கருணாபுரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பலர் தினக்கூலிகள். தெரு முழுக்க கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ். ஃபிளெக்ஸ் வெயிலில் வெளுத்துவிடும்.

அடுத்த வருஷம் நினைவு நாளுக்கு முன்னால் கருணாபுரத்திலிருந்து ஒரு அண்ணன் வந்தார். லோடு ஆட்டோ பின்கண்ணாடியில் அப்பா முகம் வேண்டும், வெள்ளை ஸ்டிக்கரில். கையில் இருந்தது வோட்டர் ஐ.டி மட்டும். வேறு போட்டோ இல்லை. நாம காமெடி பண்ணுவோமே, அதே வோட்டர் ஐ.டி போட்டோ!

ட்ரேஸ் போட்டேன். கண் இரண்டு கறை. அளவை ஏற்றினால் மீசை காணோம், இறக்கினால் பாதி முகம் இருட்டு. ஒரே கலர் ஸ்டிக்கரில் சாம்பல் நிறம் கிடையாதே... எது வெளிச்சம், எது நிழல் என்று ஒருத்தர் உட்கார்ந்து முடிவு பண்ணியாகணும். அதுவும் வெள்ளை ஸ்டிக்கரில் வெளிச்சம் விழும் இடத்தைத்தான் வெட்டணும். முடியும் மீசையும் ஸ்டிக்கர் இல்லாத வெறும் கண்ணாடி.

கையால் இழுக்க ஆரம்பித்தேன். அண்ணன் பக்கத்தில் ஸ்டூல் போட்டுக்கொண்டார். "மீசை இடது பக்கம் கொஞ்சம் இறங்கியிருக்கும் தம்பி." இறக்கினேன். "காது இன்னும் கொஞ்சம் வெளிய." இழுத்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சிரிக்கிற மாதிரி பண்ண முடியுமா?" என்றார்.

போட்டோவில் சிரிப்பு இல்லை. உதட்டு ஓரத்தில் இருந்த புள்ளியைப் பிடித்து லேசாக மேலே தூக்கினேன். அவ்வளவுதான், ஆள் சிரித்தார். யாரோ ஒரு ஆள்.

"வேணாம் தம்பி. எங்கப்பா மாதிரி இல்ல. பழையபடியே வெச்சிடுங்க."

கன்ட்ரோல் இசட்.

வெட்டி முடித்ததும் வேண்டாத துண்டுகளை ஊசியால் உரிக்கிற வேலையை அவரே வாங்கிச் செய்தார். கண்ணில் மட்டும் கை வைக்காமல் என்னிடம் நீட்டினார். காசு கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து, "ஃபைலை அழிச்சிடாதீங்க. தங்கச்சி ஸ்கூட்டிக்கும் சின்னதா ஒண்ணு கேக்குது" என்றார். எந்த சைஸுக்கும் வரும்தான். ஆனால் சின்னதாகும்போது மூக்கோரத்து மெல்லிய கோடு உரிக்கையில் கூடவே வந்துவிடும். அதை மட்டும் தடிமனாக்கித் தனி ஃபைலாக வைத்திருக்கிறேன்.