நாலு விரல் இடம்

கடைக்குப் புதிதாக வரும் பையன்கள் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணே, பபுள் ராப் எத்தனை சுத்து சுத்தணும்?" சுற்றுக் கணக்கு கடைசியில் வருவது. அதற்கு முன்னால் கண்ணாடியின் சத்தத்தைக் கேட்கப் பழக வேண்டும்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில், பழம்பொருள் கடைகளில் பார்சல் கட்டும் வேலைக்கு நான் வந்து 27 வருஷம் ஆகிறது. செட்டிநாட்டு வீடுகளில் இருந்து வந்த விளக்குக் குளோப், மண்ணெண்ணெய் விளக்குச் சிம்னி, அத்தர் புட்டி, கோலி சோடா பாட்டில், தஞ்சாவூர்க் கண்ணாடிப் படம் எல்லாம் என் கை வழியாக ஊர் ஊராகப் போயிருக்கின்றன. தொழில் சொல்லிக்கொடுத்தவரை நாங்கள் சின்னையா என்றுதான் கூப்பிடுவோம். குளோப்பை அவர் விரல் நுனிகளில் நிறுத்தி, நகத்தால் லேசாக ஒரு தட்டுத் தட்டுவார். கணீரென்றால் கட்டலாம். டொக்கென்றால் எங்கோ மயிரிழை விரிசல் ஓடியிருக்கிறது. அதை வாங்குபவருக்கு முதலிலேயே சொல்லிவிட வேண்டும். போகிற வழியில் உடைந்துவிட்டது என்று பிறகு சொன்னால் அது பொய்.

"உள்ளே அசையக் கூடாது" என்பது சின்னையா சொன்ன முதல் பாடம். அதை நான் 'இறுக்கிக் கட்டு' என்று புரிந்துகொண்டேன். ஒரு சிம்னிக்குள் காகிதத்தைக் கட்டைவிரலால் குத்திக் குத்தி அடைத்தேன். மேஜையை விட்டு இறங்கும் முன்பே 'டிக்' என்று சத்தம். மேலிருந்து கீழாக ஒரே கீறல். சின்னையா திட்டவில்லை. "ஏன்டா அப்பு, தலகாணிக்குப் பஞ்சா அடைக்கிறே?" என்று கேட்டுவிட்டு, இன்னொரு சிம்னியை எடுத்தார். டிஷ்யூ தாளைக் கசக்கி, பாதி பிரித்து, பூப் போல உள்ளே இறக்கினார். தாள் கண்ணாடியைத் தொட்டது, நெட்டவில்லை. அந்தப் பதம் விரலுக்குப் பிடிபட எனக்கு இரண்டு வருஷம் ஆனது.

வெளியே பெட்டிக்குள் பெட்டி. பொருளை முதலில் டிஷ்யூவிலும் பிறகு பபுள் ராப்பிலும் சுற்றி, உள்பெட்டியில் வைக்கிறோம். அதைச் சுற்றி எல்லாப் பக்கமும், அடியிலும் மேலேயும் கூட, நாலு விரல் இடம் விட்டு 5 ப்ளை வெளிப்பெட்டி. அந்த இடத்தைக் கசக்கிய தாளால் நிரப்புகிறோம். சின்னையா அளவு நாடா வைத்துக்கொண்டதே இல்லை. நாலு விரலையும் சேர்த்துச் சந்துக்குள் விடுவார். விரல் தடையில்லாமல் சுற்றி வந்தால்தான் தாளை எடுப்பார்.

ஒரு விரலைக் குறைத்து நான் பட்டது போதும். கூரியரில் எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து, அந்தக் கிலோ கூடுதலாக வந்தால் அதற்குத்தான் காசு. வாங்குபவருக்குச் செலவு குறையட்டும் என்று ஒரு பால் கண்ணாடிக் குளோப்புக்குச் சின்னப் பெட்டி போட்டேன். திரும்பி வந்தபோது பெட்டியைத் தூக்கியதுமே சலசலத்தது. அன்றைக்குச் சாயங்காலம் சின்னையா தான் கட்டிய பெட்டி ஒன்றை இடுப்பு உயரத்தில் இருந்து சிமெண்டுத் தரையில் போட்டார். எனக்கு உயிரே போய்விட்டது. பிரித்துப் பார்த்தால் குளோப் வைத்தபடி இருந்தது. "தரையில படுற அடி அந்த நாலு விரலுக்குள்ளயே தீர்ந்துபோகணும்" என்றார்.

கண்ணாடிப் படத்துக்குப் பாடம் வேறு. வண்ணம் கண்ணாடியின் பின்பக்கம் இருக்கிறது. ஒரு சித்திரை மாதம், சட்டம் இல்லாத படம் ஒன்றின் முதுகில் நேராகப் பபுள் ராப்பைச் சுற்றி அனுப்பினேன். லாரிச் சூட்டில் வண்ணம் இளகி, கிருஷ்ணர் கன்னம் முழுக்க வட்ட வட்டமாகத் தடம். இப்போது நாலு மூலையிலும் அட்டைத் துண்டு கொடுத்து, வண்ணத்தின் மேல் எதுவும் படாமல் இடம் விடுகிறேன். முன்பக்கக் கண்ணாடியில் மாஸ்கிங் டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டுகிறேன். கண்ணாடி விரிசல் விட்டாலும் சில்லுகள் உதிர்ந்து வண்ணத்தைச் சுரண்டாது. படம் எப்போதும் நின்றபடிதான் போக வேண்டும். படுக்க வைத்தால் மேலே ஏறுகிற பாரமெல்லாம் அதன் நடுவயிற்றில் விழும்.

சின்னையா காலத்தில் வைக்கோல்தான் மெத்தை. காசில்லாமல் கிடைத்தது, அடியையும் நன்றாகத் தாங்கியது. ஆனால் ஈரம் பிடிக்கும், பூச்சியும் கூட வரும். வெளிநாட்டுப் பார்சலில் அதைத் தொடுவதே இல்லை. மரக்கூடு போட்டாலும், மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி சூட்டில் 30 நிமிடம் இருந்ததற்கு முத்திரை வேண்டும். பொருளுக்கு 100 வயது ஆகிவிட்டால் கடல் தாண்ட சட்டம் இடம் தராது. அதை முதலாளி பார்த்துக்கொள்வார். அவர் சொல்லும் வரை நான் நூலைத் தொடுவதில்லை.

எனக்கு இன்னும் உறுத்துவது உடையாமல் போய்ச் சேர்ந்த ஒரு பார்சல்தான். நீல அத்தர் புட்டி. கண்ணாடி மூடியைக் கழுத்தில் விட்டு அனுப்பினால் தட்டித் தட்டி விளிம்பு போகும் என்று, கழற்றித் தனியே தாளில் சுருட்டி வைத்தேன். "புட்டி வந்துடுச்சு, மூடியக் காணோம்" என்று வாங்கிய அம்மா போன் செய்தார். கசங்கிய தாள்களோடு தாளாக அதுவும் குப்பைக்குப் போயிருந்தது. சின்னையாவிடம் சொன்னேன். "கட்டுறது உன் கை. பிரிக்கிற கைக்கு என்ன தெரியும்? நீதானே சொல்லணும்" என்றார்.

அன்றிலிருந்து மூடி, தொங்கல், திருகு எதுவானாலும் சிவப்புத் தாளில்தான் சுற்றுகிறேன். பெட்டியைத் திறந்ததும் கண்ணில் படும்படி ஒரு சீட்டு: உள்ளே மொத்தம் எத்தனை உருப்படி, எதை முதலில் எடுக்க வேண்டும். கடைசியாக டேப்பின் நுனியை ஒரு விரல் அகலம் மடித்து விடுகிறேன். பிரிக்கிறவர் அதைப் பிடித்து இழுத்தால் போதும், கத்தி எடுக்க வேண்டியதில்லை.