உடைப்பு மட்டும் எங்களுக்குச் சொந்தம்

பழங்காநத்தத்துக்கு மேற்கே மாடக்குளம் கண்மாய் பெருகிவிட்டால் கரைமேல் கூட்டம் கூடும். வயலெல்லாம் வீட்டுமனையாகிப்போன நகரத்துக்குக் கண்மாய் என்பது காற்று வாங்குகிற இடம். தண்ணீரைப் பார்க்கிறவர்கள் கரையின் மறுபக்கம் திரும்புவதில்லை. பல ஊர்களில் அந்தப் பள்ளத்தில்தான் சேரி.

அம்மா ஊர் மதுரைக்குத் தெற்கே. சீயான் அங்கே நீர்ப்பாய்ச்சி. மடை திறப்பது, அடைப்பது, கடைமடைவரை தண்ணீர் கொண்டுபோவது, அடைமழை ராத்திரியில் லாந்தரோடு கரை சுற்றுவது எல்லாம் அவர் வேலை. "கசிவு தெளிவா வந்தா பயமில்லடா. கலங்கி வந்தா கரை உள்ளுக்குள்ள கரையுதுன்னு அர்த்தம்" என்பார். நண்டு வளை, எலி வளை வழியே நுழைகிற தண்ணீர் மண்ணை அரித்துக்கொண்டே போய்க் கரையைப் பிளந்துவிடும். பொறியாளர்கள் படிக்கிற பாடமும் இதுதான். ஆனால் சீயானுக்கு ஆயக்கட்டில் ஒரு குழி நிலம் கிடையாது. களத்துமேட்டில் அளந்து போடுகிற நெல்தான்.

சட்டம் யார் பக்கம் நின்றது? கரை உடையும் ஆபத்து வந்தால் பக்கத்திலுள்ள 'உழைக்கும் வகுப்பு' ஆண்களை வேலைக்கு இழுக்கலாம், மறுத்தால் தண்டிக்கலாம் என்றது 1858இன் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம். கரைக்குச் சொந்தக்காரருக்கு? கார்வேட்நகர் ஜமீன்தாரின் ஏரிகள் உடைந்து ரயில்பாதை சேதமானபோது ரயில்வே கம்பெனி வழக்குப் போட்டது. ஏரி ஊருக்கு அவசியமானது, அதைக் காப்பது ஜமீன்தார் கடமை, கவனக்குறைவும் இல்லை, ஆகவே நஷ்டஈடு இல்லை என்று 1874இல் லண்டன் பிரிவி கவுன்சில் தீர்த்தது. ரயில்பாதையாவது கோர்ட்டுப் படி ஏறியது. குடிசைகள் அந்த வழக்கில் கட்சிக்காரரே இல்லை.

பணக்காரர் பொழுதுபோக்குக்குக் கரை வைத்திருந்தால்? அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பிட்ஸ்பர்க் முதலாளிகளின் கிளப் ஒன்று, மீன்பிடிக்கவும் படகுவிடவும் பழைய மண் அணையொன்றை வைத்திருந்தது. கார்னகியும் உறுப்பினர். கரை மட்டத்தைக் குறைத்தார்கள். மீன் தப்பாமல் கலுங்கில் தட்டி வைத்தார்கள். பிடுங்கப்பட்டிருந்த அடிக்குழாய்களைத் திரும்பப் போடவில்லை. 1889 மே 31இல் உடைந்தது. கீழே ஜான்ஸ்டவுன் தொழிலாளர் நகரம். 2209 பேர் செத்தார்கள். கிளப் நஷ்டஈடு கட்டவேண்டும் என்று எந்தக் கோர்ட்டும் சொல்லவில்லை.

கலுங்கில் தட்டி எங்களுக்கும் தெரியும். அம்மா ஊரில் மீன்பாசிக் குத்தகைக்காரர் அடித்த தட்டியில் செத்தை அடைத்துத் தண்ணீர் ஏறிய ராத்திரி, எங்க ஆட்கள்தான் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் பிடுங்கினார்கள். கரை நின்றது. மறுநாள் மீன் போச்சு என்று ஊர்க்கூட்டத்தில் தண்டம் கேட்டார். "மீனுக்குக் கணக்கு இருக்கு. எம் புள்ளைகளுக்கு எங்கய்யா கணக்கு?" என்றாள் அம்மாச்சி. பதில் சொல்ல ஆளில்லை.

இன்றும் இல்லை. 2000ஆம் ஆண்டின் விவசாயிகள் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டப்படி சங்கத்தில் சேர நிலம் வேண்டும். 2021இன் அணைப் பாதுகாப்புச் சட்டம் 10 மீட்டருக்குக் குறைந்த அணையைத் தொடுவதில்லை. நம் கண்மாய்க் கரைகளில் பெரும்பாலானவை அந்த உயரம் வராது. கண்மாய் சர்க்காருக்கு, தண்ணீர் பட்டாதாருக்கு, மீன் குத்தகைக்காரருக்கு. உடைப்பு மட்டும் எங்களுக்கு.

குடிமராமத்தின் பெருமை பேசுகிற தோழர்கள் இதையும் பேசவேண்டும். கரைக்குக் கீழே குடியிருப்பவர், நிலமில்லாவிட்டாலும், சங்கத்தில் சமமாக உட்காரவேண்டும். கலுங்கில் தட்டி அடிக்காதே என்று சொல்லவும், அடித்தால் பிடுங்கவும் அவருக்கு உரிமை வேண்டும்.