உதிரிப் பண்டம்

கோடை வந்துவிட்டால் கோயம்பேட்டுச் சந்தையிலிருந்து அசோக் நகர் வீடுகளுக்கு மாம்பழங்கள் கூடைகூடையாய் வந்து சேரும். அவற்றுள் இரண்டு மூன்று அடிபட்டிருக்கும். விருந்தினர் முன் வைக்க அவை ஆகா. எறியவும் மனம் வராது. அத்தகைய கனிகளுக்கென்றே அமைந்தது போன்ற பண்டம் கிரம்பிள். நறுக்கிய பழத்தின்மேல் வெண்ணெய் பிசிறிய மாவைத் தூவி, ஓவனில் சுட்டெடுப்பது அது.

பிறப்பால் அது ஆங்கிலேயர் வீட்டுப் பண்டம். இரண்டாம் உலகப் போரின்போது, 1940 சனவரியில், பிரிட்டனில் வெண்ணெயும் சர்க்கரையும் பங்கீட்டுக்குள் வந்தன. பழத்தை மாவுறையில் பொதிந்து சுடும் 'பை' என்னும் பண்டத்திற்கு மாவும் கொழுப்பும் மிகுதியாக வேண்டும்; மேலே தூவுவதற்கோ சிறிதளவு போதும். அந்தச் சிக்கனமே கிரம்பிளை வீடுதோறும் பரப்பிற்று என்பர். உணவுப் பங்கீடு 1954இல் முடிந்தது, பண்டம் நிலைத்துவிட்டது.

முக்கால் கிலோ பழத்திற்கு 200 கிராம் மைதா, 100 கிராம் வெண்ணெய், 100 கிராம் சர்க்கரை போதும். செய்முறை எளிது, சென்னையின் வெயில்தான் அதனைக் கடினமாக்குகிறது. குளிர்ந்த வெண்ணெயை மாவோடு விரல்நுனியால் தேய்க்கும்போது கொழுப்பு மாவுத்துகள்களைப் போர்த்துகிறது. ஈரம் எளிதில் உட்புகாமையால் மாவு பசைபோல் இழுபடாமல் பொலபொலவென நிற்கிறது. கத்திரி வெயிலிலோ வெண்ணெய் விரல் பட்டவுடனே உருகிவிடும். ஆகவே பழகியவர்கள் கிண்ணத்தையும் மாவையுங்கூடக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தெடுப்பர். உள்ளங்கை படலாகாது, அதன் சூடு மிகுதி. பிட்டுக்கு மாவு பிசிறிய விரல்களுக்கு இந்த நுட்பத்தைக் கற்பிக்க வேண்டியதில்லை. மிகக் கனிந்த மாம்பழம் கூழாகிவிடுமாதலால் அன்னாசித் துண்டுகள் சிலவற்றைச் சேர்ப்பது நலம். 180 பாகை செல்சியசில் ஏறத்தாழ 40 நிமிடம் ஆகும். ஓரத்தில் சாறு குமிழியிட்டு, மேற்பரப்பு பொன்னிறமானால் அதுவே பதம்.

பிட்டு என்றதும் மதுரை வந்தி நினைவுக்கு வருவாள். வையை உடைப்பை அடைக்கத் தன் பங்குக்கு ஆளனுப்ப இயலாத அந்த முதியவளுக்காகச் சிவபெருமான் கூலியாளாய் வந்து மண் சுமந்தார் என்பது திருவிளையாடல். முழுப்பிட்டு விற்பனைக்கு, உதிர்ந்தது கூலிக்கு என்பதே ஒப்பந்தம் என்று மக்கள் கதை சொல்வர். அன்று அவித்த பிட்டெல்லாம் உதிர்ந்தே போயின. ஆவணி மூலத் திருவிழாவில் மதுரை இன்றும் அதனைக் கொண்டாடுகிறது.

அந்த ஒப்பந்தம் அசோக் நகர் அடுக்ககங்களின் மொட்டைமாடி விருந்துகளிலும் நடைமுறையில் இருக்கிறது. கடையில் வாங்கிய கேக்கின் முதல் துண்டு பிறந்தநாள் குழந்தைக்கு. அழகிய துண்டுகள் விருந்தினருக்கு. அட்டையில் ஒட்டியதும் உடைந்ததும் காகிதத் தட்டில் வாயிற்காவலருக்கும் வீட்டுவேலை செய்யும் அம்மாவுக்கும். எவரும் திட்டமிட்டு அப்படிச் செய்வதில்லை. கத்தியே அப்படிப் பிரித்துவிடுகிறது.

கிரம்பிளில் முழுமை என ஒன்றில்லை. முதல் கரண்டியும் உதிர்ந்ததே, கடைசிக் கரண்டியும் உதிர்ந்ததே. தட்டில் விழுந்தபின் எது எவருடைய பங்கு என்று தோற்றத்தால் சொல்ல இயலாது. ஆயினும் பண்டம் மட்டும் இதனைச் செய்துவிடாது. எல்லாரும் உண்டபின் சுரண்டி அனுப்பினால் அது எச்சமிச்சமே. ஆகவேதான் இப்பகுதி இல்லத்தரசி ஒருவர் பாத்திரத்தை மாடிக்கு எடுத்துச் செல்லுமுன்பே இரு கிண்ணங்களை நிரப்பிக் கீழே அனுப்புகிறார். காரணம் கேட்பவரிடம், ஆறினால் மேல்மாவு நமர்த்துவிடும் என்பார். அது மெய்தான், நீராவியில் மொறுமொறுப்பு அரைமணியில் தளர்ந்துவிடும்.

கீழே சென்ற கிண்ணங்கள் மறுநாள் வெறுமையாகத் திரும்புவதில்லை. ஒன்றில் எலுமிச்சம்பழங்கள் நான்கு இருக்கும்; மற்றொன்றில் ஒரு கொத்துக் கறிவேப்பிலை.